குடிபெயர்ந்தோரும் குடும்பப் பெயரும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் அதைப் பேசுவது பாவம். செயற்குழு எம்மிடம் கேட்டதும் வேறு. இந்த மலருக்காகப் பழைய மாணவியரின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்த சிறு குழுவில் நாமும் இருந்தோம். அந்த வேலை ஏன் இரண்டு மாதத்தில் முடியாமல் இரண்டு ஆண்டுகள் இழுபட்டது என்பதைச் சபைக்கு விளக்க வேண்டும் என்றார்கள்.

விளக்கம் சுருக்கமானது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் குடும்பப் பெயர் உள்ள நாடுகளுக்கெல்லாம் நாங்கள் போய்விட்டோம். கல்லூரி இடாப்பில் "க. சரஸ்வதி" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கனா என்பது கனகசபை, அவருடைய தகப்பனார். கலியாணம் முடித்ததும் அவர் திருமதி சரஸ்வதி நடராசா. ரொறன்ரோவுக்குப் போன பின் அங்குள்ள படிவங்களில் நடராசா என்பது குடும்பப் பெயர். பிள்ளைகளும் நடராசா, மருமகளும் நடராசா, பேரப்பிள்ளையும் நடராசா. எங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடுபவர் "எஸ். நடராசா". இந்த எஸ். யார்? சரஸ்வதியா, மகளா, மருமகளா? இடாப்பில் இருந்த கனா எங்கே போயிற்று? இப்படி நானூற்றுக்கு மேற்பட்டவர்களைத் தேடினோம்.

அந்தப் பழைய இடாப்புகளில் "விலகிய காரணம்" என்று ஒரு நிரல் உண்டு. பெரும்பாலும் ஒரு சொல்தான் எழுதியிருப்பார்கள். "திருமணம்", "மலாயா", "ஊர்மாற்றம்". எங்கள் வகுப்பின் இடாப்பில், 1995 இன் கடைசியில், "இடப்பெயர்வு" என்று ஒரே கையெழுத்தில் பக்கம் பக்கமாக. ஆட்கள் ஏன் போனார்கள், பெயர்கள் எப்படிப் பரவின என்ற இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள் என்று எங்களுக்குத் தோன்றியது அந்த நிரலைப் பார்த்தபோதுதான்.

கொஞ்சம் தூரத்திலிருந்து தொடங்குவோம். வின்சுலோ அகராதி எங்கள் நூலகத்தில் இருந்ததை எல்லோரும் அறிவீர்கள். 1862 இல் வந்த அந்தத் தமிழ் - ஆங்கில அகராதியைத் தந்த மைரன் வின்சுலோ அமெரிக்க மிசனைச் சேர்ந்தவர். 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அந்த மிசனின் மனிதர்கள் பெரும்பாலும் நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில் பிறந்தவர்கள். அவருடைய மனைவி ஹரியற் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர். நம் கல்லூரிக்கு அது மூத்த அக்கா. இந்த வின்சுலோ என்ற பெயர், 1620 இல் அமெரிக்கக் கரைக்குப் போன மேபிளவர் கப்பலின் பயணிகள் பட்டியலிலும் இருக்கிறது. எட்வேட் வின்சுலோ அக்கப்பலில் போனவர். இங்கிலாந்திலிருந்து மசசூசெற்சுக்குப் போன ஒரு பெயர் இருநூறு ஆண்டு கழித்துத் தமிழ் அகராதியின் முகப்பில் வந்து குந்தியிருக்கிறது.

அந்த 102 பயணிகளும் ஏன் போனார்கள்? மதச் சுதந்திரத்துக்காக என்று ஒரு வரியில் படித்தோம். அது பாதி உண்மை. கப்பலில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்தத் திருச்சபையோடு தொடர்பே இல்லை. அவர்கள் காணிக்கும் கூலிக்கும் போனவர்கள். மற்றப் பாதியினர் இங்கிலாந்திலிருந்து நேரே போகவில்லை. முதலில் ஒல்லாந்தில் லைடன் நகரத்துக்குப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் வாழ்ந்தவர்கள். அங்கே அவர்களை எவரும் வணக்கத்துக்காகத் துன்புறுத்தவில்லை. பிறகேன் புறப்பட்டார்கள்? ஆலை வேலை உடம்பை முறித்தது, பிள்ளைகள் சிறுவயதிலேயே வேலைக்குப் போக நேர்ந்தது, அந்தப் பிள்ளைகள் ஒல்லாந்தராகிக்கொண்டு வந்தார்கள், ஆங்கிலம் போய்விடும், ஆங்கிலேயர் என்ற பெயரும் போய்விடும் என்று பயந்தார்கள். அவர்களே எழுதிவைத்த காரணங்கள் இவை. சனிக்கிழமைகளில் பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலைக்குக் காரில் ஏற்றிச் செல்லும் ஸ்காபுரோத் தாய்மாருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

அதன் பின், 1630 முதல் 1640 வரை, ஏறத்தாழ இருபதாயிரம் பேர் நியூ இங்கிலாந்துக்குப் போனார்கள். அவர்கள் குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராகப் போனவர்கள். போன இடத்துக்கு பொஸ்ரன், இப்சுவிச் என்று விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். தெற்கே வேர்ஜீனியாவுக்கு 1607 முதல் போனவர்களின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் தனி இளைஞர்கள். கப்பற் செலவுக்கு வழியில்லாமல் நாலு முதல் ஏழு ஆண்டு உழைப்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் புகையிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். இருவரும் போய் இறங்கிய நிலம் வெறும் நிலம் அல்ல. மசசூசெற்சு என்பதே அங்கே ஏற்கனவே வாழ்ந்த மக்களின் பெயர். மேபிளவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ஒரு கொள்ளைநோய் அக்கரையோரக் கிராமங்களை வெறுமையாக்கியிருந்தது. வந்தவர்கள் குடியேறியது அப்படி வெறுமையான ஒரு கிராமத்தில்தான்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். நாங்கள் 1983 இல் போகத் தொடங்கினோம் என்றே எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே போகத் தொடங்கிவிட்டோம். மலாயாவின் முதல் புகையிரதப் பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, 1885 இல் திறக்கப்பட்டது. அதை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோன முன்னோடிப் படைப்பிரிவினர். பாதையோடு நில அளவையாளரும், கிளாக்கரும், ஸ்ரேசன் மாஸ்ரரும், ஆஸ்பத்திரி டிரெசரும் போனார்கள். ஆற்றுப்பாசனம் இல்லாத, சுண்ணாம்புக்கல் மேல் ஒரு சாண் செம்மண் உள்ள தீபகற்பம் எங்களுடையது. துலாவில் இறைத்த கிணற்று நீர்தான் தோட்டம். பிள்ளைகளுக்குப் பங்கிடக் காணி போதவில்லை. ஆனால் மிசன் பாடசாலைகளின் புண்ணியத்தில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் உள்ளூர் உத்தியோகங்களைவிட அதிகமாக இருந்தார்கள். சகோதரிகளுக்குச் சீதனம் சேர வேண்டும். ஒருவன் போனால் மைத்துனனைக் கூப்பிடுவான், மைத்துனன் ஊரைக் கூப்பிடுவான். சிங்கப்பூரின் முதல் வெளிவிவகார அமைச்சரான எஸ். இராசரத்தினம் 1915 இல் வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். அந்த எஸ். அவருடைய தகப்பனார் சின்னத்தம்பி.

அதற்குப் பின்னுள்ளவை நீங்கள் வாழ்ந்தவை. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம், எழுபதுகளின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1983 ஜூலை, 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் நடந்த இரவு. எங்கள் வகுப்பு அன்றைக்குப் பிரிந்தது. சிலர் தென்மராட்சியிலிருந்து அடுத்த ஆண்டு திரும்பி வந்தோம், சிலர் வன்னிக்குப் போனார்கள், சிலர் அங்கிருந்து கொழும்பு வழியே நோர்வே வரை. இவற்றைப் பற்றி விரித்துப் பேச இன்றைக்கு அவகாசமில்லை. ஆனால் இடாப்பின் நிரலில் ஒரு சொல் எழுதப்பட்டிருப்பதுபோல ஒருவர் போவதற்கு ஒரு காரணம்தான் இருந்தது என்று எண்ணாதீர்கள். ஷெல்லுக்குப் பயந்து போனவருக்கும் தங்கையின் கலியாணக் கடன் இருந்தது. உழைக்கப் போனவருக்கும் பயம் இருந்தது.

இன்னொரு காரணத்தை நாங்கள் மலர்களில் எழுதுவதில்லை. எங்கள் சமூகத்தில் பெயரே சாதியைச் சொன்னது. மகனுக்குக் கந்தசாமி என்று பெயர் வைக்க விரும்பிய தகப்பனுக்கு, அவர் இன்ன சாதி என்பதனால், கந்தன் என்று பதிந்து கொடுத்த காலம் இருந்தது. அப்படிப்பட்ட ஒருவருக்கு, தன் பெயரைக் கேட்டு எவரும் முகம் பார்க்காத ஊருக்குப் போவது எவ்வளவு பெரிய விடுதலை! அதையும் அந்த நிரலில் எவரும் எழுதவில்லை. மலையகத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் கடல் கடந்து வந்த தமிழரே. தோட்டத்துச் செக்றோலில் துரையின் கிளாக்கர் கேட்டபடி எழுதிய பெயரோடு தலைமுறைகளாக வாழ்ந்து, 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தில் நாட்டையும் இழந்தார்கள். அந்தக் கிளாக்கர்களில் யாழ்ப்பாணத்தவரும் இருந்தார்கள் என்பதை இந்த மண்டபத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனிப் பெயர்கள். ஜோன்சன், வில்லியம்சன், றிச்சட்சன் என்பவை ஜோனின் மகன், வில்லியத்தின் மகன், றிச்சட்டின் மகன் என்பனவே. ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் எங்களைப் போலத் தகப்பன் பெயரால் அறியப்பட்டவர்கள். பின்னர் ஒரு தலைமுறையில் அது உறைந்துவிட்டது. அதன் பிறகு பிறந்தவன் தகப்பன் தோமஸ் ஆனாலும் அவன் ஜோன்சன்தான். அமெரிக்காவுக்குப் போன ஆங்கிலேயர் உறைந்த பெயர்களோடு போனார்கள். அங்கே இன்றைய நியூயோர்க்கில் குடியிருந்த ஒல்லாந்தரோ உறையாத பெயரோடு போனவர்கள். ஜானின் மகன் ஹென்றிக் என்றால் ஹென்றிக் ஜான்சன். அவனுடைய மகன் பீற்றர் ஹென்றிக்சன். 1664 இல் ஆங்கிலேயர் அந்நகரைப் பிடித்த பின்னர் நிருவாகமும் நீதிமன்றமும் ஆங்கில வழக்கத்துக்கு வர, அந்தக் குடும்பங்களும் காலப்போக்கில் ஒவ்வொரு பெயரில் உறைந்தன.

அதே ஒல்லாந்தர் 1658 முதல் இங்கே யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்தார்கள், இன்னொரு கொம்பனியாக. காணிகளையும் ஆட்களையும் தோம்பில் பதிந்தார்கள். 1707 இல் தேசவழமையை எழுத்தில் தொகுக்கச் செய்தார்கள். வரி வாங்க ஆளைத் தெரிந்தால் போதும். எங்கள் பெயரை உறையவைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லைப் போலும். இன்னாரின் மகன் இன்னார் என்பதே இங்கே நிலைத்தது.

ஆட்கள் பயணம் செய்யாமலே பெயர்கள் பயணம் செய்த கதைகளும் உண்டு. 1530 களில் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் பெற்ற பரதவர் போர்த்துக்கேயரின் பெயர்களைப் பெற்றார்கள். இன்று தூத்துக்குடியிலும் எங்கள் கரையோரங்களிலும் பெர்னாண்டோ என்றும் கோமஸ் என்றும் இருப்பவர்களின் உடலில் லிஸ்பனின் இரத்தம் ஓடுவதாக எவரும் எண்ண வேண்டாம். அமெரிக்க மிசன் பாடசாலைகளிலும் இதே வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பொறுப்பெடுத்தால், பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்று பெருமைப்படுகிறோமே, சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. பாவலர் சரித்திர தீபகம் எழுதியவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. நெவின்ஸ் என்ற அமெரிக்கப் பெயர், நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளைக்குக் கிடைத்து, அவர் மகன் நெவின்ஸ் செல்வத்துரையோடு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபர் கதிரைக்கே போய்ச் சேர்ந்தது! சைவப் பிள்ளைகளுக்காகச் சைவப் பெரியோர் எழுப்பிய கல்லூரியில், கிறிஸ்தவ மிசன் கொடுத்த பெயரோடு ஒரு அதிபர். எவரும் அதைப் பெரிதாக எடுக்கவுமில்லை. யாழ்ப்பாணத்தான் பெயரையும் கொள்கையையும் வெவ்வேறு பெட்டியில் வைத்துப் பூட்டத் தெரிந்தவன்.

எல்லாப் பெயரும் அப்படி விருப்பத்தோடு வந்தவை அல்ல. வோஷிங்டன் என்ற குடும்பப் பெயரோடு இன்று அமெரிக்காவில் இருப்பவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? 2000 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பினத்தவர். அந்த நாட்டின் முதல் சனாதிபதிக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளோடுதான் அந்தப் பெயர் பெருகியது. அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெயர்களைப் பதிய எந்தக் கப்பலிலும் ஒரு நிரல் இருக்கவில்லை.

எனவே ஒரு குடும்பப் பெயர் இரத்தத்தைச் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. பதியும் நாளில் பேனா யார் கையில் இருந்தது என்பதையே அது பெரும்பாலும் சொல்கிறது.

எங்களுடைய பேனா நாள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தது. விமான நிலையத்தில், அகதி விண்ணப்பப் படிவத்தில், "கடைசிப் பெயர்" என்ற பெட்டிக்குள் என்ன எழுதுவது என்று தெரியாமல் தகப்பன் பெயரை எழுதினோம். அன்றைக்கு அது உறைந்தது. ஒரே தகப்பனின் இரண்டு மகன்மாரில் ஒருவர் தகப்பன் பெயரை எழுதினார், மற்றவர் கடவுச்சீட்டில் இருந்த வரிசைப்படி தன் பெயரையே எழுதிவிட்டார். இன்று அவர்களின் பிள்ளைகள் இரண்டு குடும்பம். மலேசியாவில் இன்னும் மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கெழுத்தை நடுவில் போட்டுத் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். அங்கே பெயர் உறையவில்லை. மொன்றியலில் உள்ள தங்கைக்கு, 1981 முதல் கியூபெக் சட்டப்படி, கலியாணத்தின் பின்னும் பிறந்த பெயர்தான். ரொறன்ரோவில் உள்ள அக்கா புருசன் பெயரில். ஐந்து மணி நேரக் கார் ஓட்டம், இரண்டு பெயர். எழுத்துக்கூட்டல் வேறு. ஒரே கந்தசாமியை லண்டனில் ஒரு விதமாகவும் பாரிசில் ஒரு விதமாகவும் எழுதுகிறார்கள். கணினி இரண்டையும் இரண்டு மனிதராகவே பார்க்கும். எங்கள் வகுப்புத் தோழி ஒருவரை வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் தாதி பெயர் சொல்லிக் கூப்பிட, "ஐயா இங்கே எங்கே வந்தார்?" என்று திரும்பிப் பார்த்தாராம். தகப்பனார் மோசம் போய்ப் பத்து வருடம்.

அமெரிக்கர்களிடம் ஒரு கதை உண்டு: எல்லிஸ் தீவில் இறங்கிய தம் பாட்டனாரின் பெயரை அதிகாரிதான் வெட்டி மாற்றினார் என்று. அது பெரும்பாலும் கட்டுக்கதை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1892 இல் திறந்த அந்த நிலையத்தில் அதிகாரிகள் கப்பற் பட்டியலில் இருந்த பெயரைத்தான் சரிபார்த்தார்கள். பெயரைச் சுருக்கியவர்கள் பின்னர் வேலைக்காகவும் அயலுக்காகவும் தாங்களே சுருக்கினார்கள். எங்கள் சிவபாதசுந்தரங்களும் தாங்களேதான் சிவா ஆனார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி, இந்த மண்டபத்தில் இருக்கும் எங்களுக்கு மிகவும் சம்பந்தப்பட்ட பகுதி. மேபிளவரில் போன வளர்ந்த பெண்கள் பதினெட்டுப் பேர். முதற் குளிர்காலத்தில் கப்பலில் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். அடுத்த அறுவடையின்போது அந்தப் பதினெட்டுப் பெண்களில் உயிரோடு இருந்தவர்கள் நாலு பேர். கப்பலில் எலிசபெத் றிலி என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி இருந்தாள். தகப்பன், தாய், சிறிய தகப்பன், சிறிய தாய் எல்லோரும் அந்தக் குளிர்காலத்தில் போய்விட்டார்கள். அவள் தப்பினாள். பின்னர் ஜோன் ஹவுலண்டைக் கலியாணம் செய்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றாள். இன்று அவளுடைய வழித்தோன்றல்கள் எண்ணிக்கைக்கு அடங்காதவர்கள். ஆனால் அவள் வழியாக றிலி என்ற பெயர் ஒரு அடிகூட நகரவில்லை. குடும்பப் பெயர் மகன்மார் வழியே மட்டும் போகிறது. மகன் பிறக்காத வீட்டில் அது நிற்கிறது. 1874 இல் கால்டன், வாட்சன் என்ற இரு ஆங்கிலேயர் கனவான்களின் பெயர்கள் அழிந்துபோவதை எண்ணிக் கவலைப்பட்டு இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். பெண்களின் பெயரைப் பற்றி அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதை வேறு விதமாக வைத்திருந்தோம். பெயர் தகப்பனிடமிருந்து வந்தது. வீடும் வளவும் தாயிடமிருந்து வந்தன. தேசவழமைப்படி தாயின் சீதனம் மகளுக்கு, அவளுடைய சீதனம் அவள் மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு காணித் துண்டுக்கும் உறுதியில் ஒரு பெயர் உண்டு. இன்ன வளவு, இன்ன புலம், இன்ன கலட்டி என்று, இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று. நாலு தலைமுறையாக நாலு வெவ்வேறு முதலெழுத்தோடு பெண்கள் வாழ்ந்த ஒரே வளவு அது. "நீ எந்த வளவுப் பிள்ளை?" என்று கிழவிமார் கேட்டது அதனால்தான். முதலெழுத்தைக் கேட்கவில்லை. மருத்துவத்தில் இதற்கு ஓர் உவமை இருக்கிறது. ஆண் நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும், குடும்பப் பெயரைப் போல. கலத்துக்குள் இருக்கும் மைற்றோகொண்டிரியா என்ற நுண்ணுறுப்பு தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும், சீதன வளவைப் போல.

சீதனத்தை நாங்கள் புகழ வரவில்லை. அதனால் அழிந்த பெண்களை எங்கள் கிளினிக்கிலேயே பார்க்கிறோம். ஆனால் வளவை விட்டுப் போனபோது, பெண் வழியை நினைவில் வைத்திருந்த ஒரே பதிவேட்டையும் விட்டுப் போனோம் என்பது உண்மை. உறுதிகள் 1995 இலும் பிறகு வன்னியிலும் தொலைந்தன. இன்று ஒரு விதவைச் சகோதரி, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயரோடும், அடையாள அட்டையில் புருசன் பெயரோடும், காணி உறுதியில் அம்மம்மாவின் பெயரோடும் கச்சேரி வாசலில் நிற்கிறார். இன்னாரும் இன்னாரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. கலியாணத்தோடு பெயரை மாற்ற வேண்டும் என்று இந்நாட்டுச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை, வழக்கம்தான் மாற்றியது.

இதனால் உயிருக்கும் வினை உண்டு. ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறோம். ஊரும் விபரமும் மாற்றியிருக்கிறோம். நாற்பது வயது தாண்டாதவர், மார்பில் கட்டியோடு வந்தார். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார். அம்மா? வயிற்றில் ஏதோ கட்டி, வன்னியில் மோசம் போனவ. பெரியம்மா? கனடாவில் ஒப்பரேசன் செய்தவ, என்னவென்று சொல்லமாட்டா. ஐயாவின் சகோதரிகள்? மலேசியாவில், தொடர்பில்லை. மூன்று நாட்டில் மூன்று பெயரில் மூன்று வைத்தியர்கள் தனித்தனியே பார்த்த ஒரே குடும்பம். அம்மாவின் கட்டி சூலகத்தில் என்பதும் பெரியம்மாவின் ஒப்பரேசன் மார்பில் என்பதும் தெரியவந்தபோது மாதங்கள் ஓடியிருந்தன. தெரியவந்ததும் அயலில் இருந்த ஒரு மூதாட்டியால்தான். நோயாளியின் பெயரை அவருக்குத் தெரியாது; வளவைச் சொன்னதும் அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு என்ன வருத்தம் என்று வரிசையாகச் சொன்னார். மார்பு, சூலகப் புற்றுநோய்களில் ஒரு சிறு பங்கு பரம்பரையாக வருவது. அதற்குரிய மாறிய மரபணு தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் போக அரைவாசி வாய்ப்பு. முன்கூட்டியே தெரிந்தால் கண்காணிக்கலாம், தடுக்கலாம். அந்தச் சகோதரிக்கு இரண்டு மகள்மார். அவர்கள் இருவரும் இன்று வேறு நாட்டில், தங்கள் தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு இருக்கிறார்கள். நல்லவேளையாக எங்களிடம் அவர்களின் தொலைபேசி இலக்கம் இருந்தது.

நூற்றாண்டுப் பட்டியலுக்கு வருவோம். தொகுத்த குழு, நிறைய வாக்குவாதத்தின் பின், நிரல்களை மாற்றியிருக்கிறது. கல்லூரியில் படித்தபோது இடாப்பில் இருந்த பெயர் முதலில். அதன் கீழ்தான் இப்போதைய பெயர். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயர், அம்மம்மாவின் பெயர், அப்பம்மாவின் பெயர். அதற்கடுத்ததாக வளவின் பெயரும் குறிச்சியும். கடைசியாக நீங்கள் இப்போது இருக்கும் ஊர். "விலகிய காரணம்" என்ற நிரலை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். நாங்கள் வைத்திருக்கிறோம், ஆனால் ஒரு சொல்லுக்குப் பதில் நாலு வரி எழுத இடம் விட்டிருக்கிறோம்.

1930 களின் இடாப்பில் "மலாயா" என்று விலகியவர்களில் பெரும்பாலானோரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கோலாலம்பூரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வந்திருப்பவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பாட்டிமாரின் பெயரோடு வாருங்கள். நூலகத்தில், பழைய அகராதிகள் இருக்கும் அலுமாரிக்குப் பக்கத்து மேசையில் படிவங்களும் பேனாக்களும் வைத்திருக்கிறோம். அம்மம்மாவின் பெயர் தெரியாதவர்கள் சாப்பாட்டுக்கு முன்னர் அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்; ரொறன்ரோவில் இப்போது நடுச்சாமம், ஆனாலும் கோபிக்கமாட்டார்.